பழைய டார்கெட் ரிவால்வரில் தோட்டா வெடிக்காமல் போனால்: எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் தொடுவது

ரேஞ்சில் நின்று டிரிகரை இழுக்கிறீர்கள். ‘டிக்’ என்ற சத்தத்தோடு முடிந்துவிடுகிறது. இந்த இடத்தில் புதியவர்கள் மூன்று தவறுகளைச் செய்கிறார்கள். உடனே மறுபடி டிரிகரை இழுக்கிறார்கள், வெடிக்காத தோட்டாவைத் தூக்கிப் போடுகிறார்கள், வீட்டுக்கு வந்ததும் புது ஸ்பிரிங் தேடுகிறார்கள். முதல் தவறு உயிருக்கே ஆபத்து. இரண்டாவது, கையில் இருந்த ஒரே சாட்சியைத் தொலைப்பது. மூன்றாவது வீண் செலவு.

டர்பன், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டொங்காட், பீட்டர்மாரிட்ஸ்பர்க் என்று தென்னாப்பிரிக்காவில் எங்கிருந்தாலும், பழைய ரிவால்வரோடு இலக்குச் சுடுதலில் இறங்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். உதாரணத்துக்கு எடுத்துக்கொண்டது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனியின் நடுத்தர அளவு ரிவால்வரான கே ஃபிரேம்: .38 ஸ்பெஷல் சுடும் கே-38, அதாவது 1957-க்குப் பிறகு மாடல் 14 என்று அழைக்கப்பட்டது, அதோடு .22 சுடும் மாடல் 17. வேறு கம்பெனி ரிவால்வருக்கு அளவுகளும் பாகங்களின் அமைப்பும் மாறும், தேடும் வரிசை மாறாது. தோட்டா, அழுக்கு, ஸ்க்ரூ, ஸ்பிரிங், அளவுகள், கடைசியில் பாகங்கள். இதைத் தலைகீழாகச் செய்பவர்கள்தான் பணத்தைக் கொட்டுகிறார்கள்.

1. கருவியைத் தொடும் முன் தாள்களைப் பாருங்கள்

ரிவால்வர் உங்கள் பெயரில் லைசென்ஸ் ஆகியிருக்க வேண்டும். அப்பாவோ தாத்தாவோ விட்டுப்போனது என்றால், உங்கள் பெயருக்கு லைசென்ஸ் வரும்வரை அதை ரேஞ்சுக்கு எடுத்துப் போகாதீர்கள், துப்பாக்கி ரிப்பேர் செய்யும் கன்ஸ்மித்திடமும் நீங்களாகக் கொண்டுபோகாதீர்கள். அதுவரை அது சொத்தை நிர்வகிக்கும் எக்ஸிக்யூட்டரின் பொறுப்பு.

லைசென்ஸ் முடியும் தேதியைப் பாருங்கள். 2000-ஆம் ஆண்டின் 60-ஆம் எண் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, முடியும் தேதிக்குக் குறைந்தது 90 நாள் முன்பே புதுப்பிக்க விண்ணப்பித்தாக வேண்டும். விளையாட்டுக்கான லைசென்ஸ் 10 ஆண்டு, தற்காப்புக்கானது 5 ஆண்டு. புதுப்பிக்கும் போலீஸ் படிவம் எஸ்ஏபிஎஸ் 518(ஏ). போலீஸ் நிலையத்தில் இதைப் பார்ப்பவர் டிஎஃப்ஓ என்ற துப்பாக்கி அதிகாரி. துப்பாக்கி ரிப்பேரில் இருக்கும்போதே இந்த 90 நாள் கடந்துவிடுவதுதான் பலர் சிக்கும் பொறி. ஆகவே தேதி நெருங்குகிறது என்றால் முதலில் படிவம், அப்புறம் ரிப்பேர்.

கன்ஸ்மித் வேலையை அதற்கான லைசென்ஸ் உள்ளவர் மட்டுமே செய்யலாம். துடைப்பது, பார்ப்பது, அளப்பது, எழுதி வைப்பது நம் வேலை. அரம் பிடிப்பது, பாகம் பொருத்துவது அவர் வேலை. “எனக்குத் தெரிந்த ஒரு அண்ணன் நல்லா பண்ணுவார்” என்று யாராவது சொன்னால், அந்த அண்ணனிடம் லைசென்ஸ் இருக்கிறதா என்று கேளுங்கள்.

2. ‘டிக்’ கேட்ட அந்த நொடியில்

குழல் இலக்கை நோக்கியே இருக்கட்டும். விரலை டிரிகரிலிருந்து எடுங்கள். மனத்துக்குள் 30 வரை எண்ணுங்கள். சில நேரம் பிரைமர், அதாவது தோட்டாவின் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி, தாமதமாகத் தீப்பிடித்து, ஒரு கணம் கழித்துத் தோட்டா வெடிக்கும். ரிவால்வரில் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். நீங்கள் அவசரப்பட்டு மறுபடி டிரிகரை இழுத்தால் தோட்டாக்கள் இருக்கும் சிலிண்டர் சுழன்று, அந்தத் தோட்டா குழலுக்கு நேர் இல்லாத இடத்துக்குப் போய்விடும். அங்கே அது வெடித்தால் குண்டு போக வழி இல்லை.

சத்தம் ‘டிக்’ என்று இல்லாமல் ‘புஸ்’ என்று மெலிதாக வந்தால் கதை வேறு. மருந்து சரியாக எரியாமல் குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அதன் மேல் இன்னொன்று சுட்டால் குழல் வீங்கும், கிழியவும் கிழியும். ரேஞ்ச் ஆபீசரைக் கூப்பிட்டு, சிலிண்டரைக் காலி செய்துவிட்டு, குழலைப் பின்புறமிருந்து பாருங்கள். வெளிச்சம் தெரியாவிட்டால் அன்றைய சுடுதல் அதோடு முடிந்தது.

30 எண்ணியும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் சிலிண்டரைத் திறந்து தோட்டாக்களை எடுங்கள். வெடிக்காததைத் தனியாக வையுங்கள். அது சிலிண்டரின் எந்த அறையில், அதாவது எந்தத் தோட்டாத் துளையில், இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். இதற்காகவே ரேஞ்சுக்குப் போகும் முன், சிலிண்டரின் வெளிப்பக்கம் ஒவ்வொரு அறைக்கும் நேரே மார்க்கர் பேனாவால் 1 முதல் 6 வரை எண் போடுங்கள். ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் போய்விடும்.

3. வெடிக்காத தோட்டாவைப் படியுங்கள்

தோட்டாவின் பின்புறம், பிரைமரில் பயரிங் பின் என்ற ஊசி அடித்த குழி இருக்கும். நல்ல வெளிச்சத்தில், முடிந்தால் ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள்.

குழி ஆழமாக, நடுவில் இருக்கிறது, 30 எண்ணி வெளியே எடுத்த தோட்டாவைத் திரும்பப் போட்டு இரண்டாம் முறை அடித்தும் வெடிக்கவில்லை: பிரைமர் செத்தது. ஈரமோ எண்ணெயோ புகுந்திருக்கும். அறைகளுக்குள் எண்ணெயைத் தாராளமாகத் தெளித்துவிட்டு அப்படியே தோட்டா போட்டு வைப்பவர்களுக்கு இது வரும்.

இரண்டாம் முறை அடித்ததும் வெடித்தது: இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். ஸ்பிரிங் பலவீனம் என்று முடிவு கட்டிவிடுவார்கள். தோட்டா நீங்களோ நண்பரோ வீட்டில் ரீலோட் செய்ததா, அதாவது சுட்ட காலிக் கூட்டில் மறுபடி நிரப்பியதா என்று முதலில் கேளுங்கள். பிரைமர் அடிவரை அமராமல் இருந்தால், முதல் அடி அதை உள்ளே தள்ளுவதிலேயே வீணாகும், இரண்டாவது அடிதான் வெடிக்க வைக்கும். நகத்தைப் பிரைமர் மேல் குறுக்கே இழுத்துப் பாருங்கள். பிரைமர், தோட்டாவின் கூடான கேஸின் பின்புறத்தைவிடச் சற்றே, சுமார் 0.1 மி.மீ., பள்ளமாக இருக்க வேண்டும். நகம் மேட்டில் தட்டினால் தவறு தோட்டாவில்தான்.

குழி மேலோட்டமாக இருக்கிறது: இப்போதுதான் ரிவால்வர் மேல் சந்தேகம் வருகிறது. 4-ஆம் படிக்குப் போங்கள்.

குழி ஒரு பக்கமாக ஒதுங்கி விழுந்திருக்கிறது: அறை குழலுக்கு நேராக வந்து நிற்கவில்லை. 7-ஆம் படி.

ஒன்றிரண்டு தோட்டாவை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். கடையில் வாங்கிய 50 தோட்டா கொண்ட ஒரு பெட்டி எடுத்து, 48-ஐ இப்படிச் சுடுங்கள்: நான்கு சிலிண்டர், அதாவது 24 தோட்டா, பின்னால் இருக்கும் சுத்தியலான ஹேமரைக் கட்டைவிரலால் இழுத்துச் சிங்கிள் ஆக்ஷனில். இன்னொரு 24, டிரிகரை மட்டும் இழுத்து டபுள் ஆக்ஷனில். ஒரு தாளில் அறை எண், எந்த ஆக்ஷன், வெடித்ததா என்று கட்டம் போட்டுக் குறியுங்கள். வேறு ஒரு கம்பெனித் தோட்டாவிலும் இதையே செய்ய முடிந்தால் நல்லது. பிரைமர்களின் கடினம் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். சட்டப்படி ஒரு லைசென்ஸ் துப்பாக்கிக்கு 200 தோட்டா வரை வைத்திருக்கலாம் என்பதால் இரண்டு பெட்டிக்குத் தாராளமாக இடம் உண்டு.

இந்தத் தாள் பொன் போன்றது. டபுள் ஆக்ஷனில் ஹேமர் பின்னால் போகும் தூரம் சற்றுக் குறைவு, அதனால் அடியும் மென்மை. அதில் மட்டும் வெடிக்காமல் போனால் விசைக்குறைவு இப்போதுதான் தொடங்குகிறது. இரண்டிலும் போனால் முற்றிவிட்டது. எப்போதும் 4-ஆம் அறையே சொதப்பினால் ஸ்பிரிங்கைக் குறை சொல்லிப் பயனில்லை. ஸ்பிரிங் ஆறு அறைக்கும் ஒன்றுதான்.

4. அழுக்கு, பழைய எண்ணெய்

டர்பன் கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம். அதனால் எல்லோரும் எண்ணெய் போடுகிறார்கள். பத்து வருடம் கழித்து அந்த எண்ணெய் உள்ளே பிசினாகி, ஹேமரின் வேகத்தைப் பிடித்து இழுக்கிறது. தேங்காய் எண்ணெயோ வேறு சமையல் எண்ணெயோ யாராவது போட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம், அவை இறுகிவிடும்.

சிலிண்டர் காலி என்று கண்ணால் பார்த்து, விரலால் தடவி உறுதி செய்யுங்கள். தோட்டாக்கள் வீட்டின் வேறொரு அறையில் இருக்கட்டும். பிறகு மூன்று இடங்கள்.

முதலாவது, காலிக் கேஸ்களை வெளியே தள்ளும் எஜெக்டர் நட்சத்திரத்தின் அடி. சிலிண்டருக்கு முன்னால் நீட்டியிருக்கும் எஜெக்டர் ராடைத் தள்ளி நட்சத்திரத்தை உயர்த்தி, அதன் கீழேயும் அது உட்காரும் பள்ளத்திலும் பழைய டூத்பிரஷால் தேயுங்கள். எரியாத மருந்துத் துகள் இரண்டு மூன்று அங்கே சிக்கினாலே நட்சத்திரம் சரியாக அமராது. சிலிண்டர் இறுகும், டிரிகர் கனக்கும். பெரிய ரிப்பேர் என்று பயந்து வந்த பல ரிவால்வர்களுக்கு வைத்தியம் இந்த டூத்பிரஷ்தான். காலிக் கேஸ்களைத் தள்ளும்போது குழலை மேல்நோக்கிப் பிடித்தால் துகள் கீழே கொட்டிவிடும். பக்கவாட்டில் பிடித்துத் தள்ளுகிறவர்களுக்குத்தான் இந்தத் தொல்லை.

இரண்டாவது, பயரிங் பின் எட்டிப் பார்க்கும் ஓட்டை. அதைச் சுற்றி ஈயமும் கரியும் படிந்திருந்தால் பின் தடைபடும்.

மூன்றாவது, ஹேமரின் இரு பக்கங்கள். ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தால் ஹேமர் ஃபிரேமில் உரசுகிறது. இதைக் குறித்து வையுங்கள், கன்ஸ்மித்துக்குச் சொல்ல வேண்டும்.

பழைய .38-இல் பயரிங் பின் ஹேமரின் மூக்கிலேயே ஆணியடித்து மாட்டியிருக்கும். அது மேலும் கீழும் சற்று ஆடுவது இயல்பு, கழன்றுவிட்டது என்று பதறாதீர்கள். முனை உருண்டையாக, வழவழப்பாக இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். நுனி உடைந்தோ தட்டையாகவோ இருந்தால் மாற்ற வேண்டியதுதான்.

ஃபிரேமின் பக்கவாட்டு மூடியான சைடு பிளேட்டைத் திறந்து உள்ளே கழுவ ஆசை வரும். புதியவர்கள் வேண்டாம். அதை நெம்பித் திறந்து விளிம்பை வளைத்தவர்கள் அதிகம். நெம்பிய தகடு பழையபடி ஒருபோதும் உட்காராது.

5. ஸ்ட்ரெயின் ஸ்க்ரூவும் மெயின் ஸ்பிரிங்கும்

பிடியின் முன்பக்கம், கீழே, ஒரு ஸ்க்ரூ இருக்கிறது. கைப்பிடி மரத்தைக் கழற்றினால் நன்றாகத் தெரியும். அது உள்ளே இருக்கும் பட்டை ஸ்பிரிங்கை அழுத்தி வளைக்கிறது. அந்த அழுத்தம்தான் ஹேமரின் அடி. பழைய டார்கெட் ரிவால்வரில் குழி மேலோட்டமாக விழுகிறது என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது இந்த ஒரு ஸ்க்ரூவைத்தான்.

இது முழுக்க இறுகியிருக்க வேண்டும். டிரிகரை மென்மையாக்க என்று அரைச்சுற்று, முக்கால்சுற்று தளர்த்தி வைக்கும் பழக்கம் உண்டு. சுடும் அதிர்வில் அது தானாகவும் தளரும். ஸ்க்ரூத் தலையின் பள்ளத்தில் சரியாகப் பொருந்தும் திருப்புளியால் முழுதும் இறுக்கிவிட்டு, அந்த 48 தோட்டா சோதனையை மறுபடி செய்யுங்கள்.

இறுக்கியும் சரியாகவில்லையா? முன்பு வைத்திருந்தவர் ஸ்க்ரூ முனையை அரத்தால் ராவிக் குட்டையாக்கியிருக்கலாம். இதைக் கண்டுபிடிக்கக் கன்ஸ்மித்கள் ஒரு எளிய வழி வைத்திருக்கிறார்கள். வெடித்துப்போன பிரைமரின் காலிக் கிண்ணத்தை ஸ்க்ரூ முனைக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் வைத்துப் பார்ப்பார்கள். அப்போது எல்லாம் வெடித்தால் குற்றவாளி குட்டை ஸ்க்ரூ. புது ஸ்க்ரூ சின்னப் பாகம், சின்னச் செலவு. அதிலும் தீராவிட்டால்தான் ஸ்பிரிங்கை மாற்றுவது. யாரோ சாணை பிடித்து மெலிதாக்கிய ஸ்பிரிங் என்றால் அதன் ஓரங்களில் கீறல் கோடுகள் தெரியும்.

டிரிகர் எவ்வளவு மென்மையாக இருக்கலாம்? சர்வதேசச் சுடுதல் சம்மேளனமான ஐஎஸ்எஸ்எஃப் விதியில் 25 மீட்டர் சென்டர்ஃபயர் (பிரைமர் நடுவில் உள்ள தோட்டா) போட்டிக்கு டிரிகர் எடை குறைந்தது 1000 கிராம். அந்த எல்லையைத் தொட்டுவிட வேண்டும் என்று ஸ்பிரிங்கை வெட்டித்தான் பல நல்ல ரிவால்வர்கள் கெட்டன. கொஞ்சம் கனமான டிரிகரோடு ஆறும் வெடிப்பதுதான் மதிப்பெண் தரும்.

6. ஃபீலர் கேஜ் வைத்து அளப்பது

மோட்டார் ஸ்பேர்ஸ் கடையில் கிடைக்கும் ஃபீலர் கேஜ், அதாவது இடைவெளி அளக்கும் மெல்லிய இலைத் தகடுகள், போதும், 0.05 மி.மீ. இலை முதல் இருக்க வேண்டும். சிலிண்டர் காலி, மூடியிருக்கட்டும், ஹேமர் கீழே.

சிலிண்டரைப் பின்னால் தள்ளிப் பிடித்துக்கொண்டு, சிலிண்டர் முன்முகத்துக்கும் குழலின் பின்முனைக்கும் இடையில் எந்த இலை நுழைகிறது என்று பாருங்கள். எழுதுங்கள். பிறகு சிலிண்டரை முன்னால் தள்ளிப் பிடித்து மறுபடி அளங்கள். பின்னால் தள்ளியபோது 0.20, முன்னால் தள்ளியபோது 0.15 என்றால், வித்தியாசமான 0.05 தான் சிலிண்டரின் முன்பின் ஆட்டம். நல்ல ரிவால்வரில் இந்த ஆட்டம் 0.03 முதல் 0.05 மி.மீ. வரை இருக்கும். 0.10-ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும்.

இதற்கும் வெடிக்காமல் போவதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். பயரிங் பின் அடிக்கும்போது சிலிண்டரும் தோட்டாவும் முன்னால் நழுவினால், அடியின் பாதி அந்த நழுவலிலேயே போய்விடுகிறது. பஞ்சுத் தலையணையில் ஆணி அடிப்பது போல. ஆட்டம் அதிகம் என்றால் கன்ஸ்மித், சிலிண்டரைத் தாங்கும் கையான யோக்கின் முனையில் மெல்லிய வாஷர் போட்டோ, யோக் குழாயை நீட்டியோ சரிசெய்வார். நடுத்தரச் செலவு.

குழல் இடைவெளி 0.10 முதல் 0.25 மி.மீ. வரை இருந்தால் நிம்மதி. 0.30-ஐத் தாண்டினால் பக்கத்தில் நிற்பவர் மேல் ஈயத் துணுக்கும் சூடும் தெறிக்கும். அதைக் குறைக்க குழலையே கழற்றி ஒரு சுற்று உள்ளே ஏற்ற வேண்டும். எல்லாவற்றிலும் விலை கூடிய வேலை இதுதான்.

அளக்கும் முன் சிலிண்டர் முன்முகத்திலுள்ள ஈயத்தைத் துடைக்க மறக்காதீர்கள். அழுக்கோடு அளந்தால் தேய்ந்த ரிவால்வர்கூடப் புதிது போலக் காட்டும்.

எஜெக்டர் ராடையும் இங்கேயே பாருங்கள். அது மரை கழன்று நீண்டுவிட்டால் சிலிண்டர் திறக்கவே திறக்காது. 1960-ஐ ஒட்டிய காலத்துக்குப் பிறகு வந்தவற்றில் மரை இடப்புறமாகச் சுற்றும். தெரியாமல் வழக்கமான பக்கம் இறுக்கினால் இன்னும் கழலும். இறுக்கும்போது அறைகளில் காலிக் கேஸ்களைப் போட்டு வையுங்கள், இல்லாவிட்டால் நட்சத்திரத்தைப் பிடித்திருக்கும் சின்ன ஆணிகள் வளையும்.

7. டைமிங் (அறை சரியான நேரத்தில் குழலுக்கு நேரே பூட்டுவது): ஒவ்வொரு அறையாக, மெதுவாக

சிலிண்டர் காலி. இடதுகை விரலால் சிலிண்டரை மெல்ல உரசி லேசான தடை கொடுங்கள். வலதுகைக் கட்டைவிரலால் ஹேமரை மிக மிக மெதுவாகப் பின்னால் இழுங்கள். ஹேமர் முழுவதும் பின்னால் போய் நிற்பதற்குள், ஃபிரேமின் அடியிலுள்ள சிறு நாக்கு சிலிண்டரின் பள்ளத்தில் ‘கிளிக்’ என்று விழுந்து பூட்டியிருக்க வேண்டும். ஹேமர் நின்ற பிறகும் சிலிண்டரைக் கையால் கொஞ்சம் தள்ளினால்தான் பூட்டுகிறது என்றால் டைமிங் பிந்துகிறது. ஆறு அறைக்கும் செய்து தாளில் குறியுங்கள். வேகமாக இழுத்துப் பார்த்தால் சிலிண்டர் தன் ஓட்டத்திலேயே பூட்டிக்கொள்ளும், குறை மறைந்துவிடும். அதனால்தான் மெதுவாக.

ஆறிலும் பிந்தினால் சிலிண்டரைத் தள்ளும் ‘ஹேண்ட்’ தேய்ந்திருக்கிறது. ஒன்றிரண்டில் மட்டும் என்றால் நட்சத்திரத்தின் அந்தப் பற்கள் தேய்ந்திருக்கின்றன. கன்ஸ்மித் சற்றுப் பெரிய ஹேண்ட் வாங்கி ராவிப் பொருத்துவார். பாகம் மலிவு, பொருத்தும் நேரத்துக்குத்தான் காசு.

8. கட்டைவிரல் சோதனை

காலி ரிவால்வரில் ஹேமரை இழுத்து நிறுத்திவிட்டு, டிரிகரைத் தொடாமல், கட்டைவிரலால் ஹேமரைப் பின்னாலிருந்து மிதமாக முன்னோக்கித் தள்ளுங்கள். விழக் கூடாது. விழுந்தால் அந்த ரிவால்வரில் இனி ஒரு தோட்டாவும் போடாதீர்கள். நேரே கன்ஸ்மித்.

9. .22 வைத்திருப்போருக்குத் தனியாக

இதில் பிரைமர் மருந்து விளிம்புக்குள் இருக்கிறது. வெடிக்காத தோட்டாவைக் கொஞ்சம் திருப்பி, விளிம்பின் வேறு இடத்தில் அடி படும்படி மறுபடி போடுங்கள். வெடித்தால் தோட்டாவின் குறை. மாடல் 17-இல் விளிம்பு உட்காரும் பள்ளத்தில் மெழுகும் கரியும் சேர்ந்தால் தோட்டா அடிவரை அமராது, அடி வீணாகும். பல் குத்தும் மரக்குச்சியால் சுரண்டுங்கள். காலியாக டிரிகரை இழுத்துப் பழகாதீர்கள். பின் அறையின் விளிம்பிலேயே அடித்துப் பள்ளம் போடும், அப்புறம் அந்த அறையில் தோட்டா நுழைவதும் வெளியே வருவதும் கஷ்டம்.

10. கன்ஸ்மித்திடம் கொடுக்கும்போது

லைசென்ஸ் கார்டு, ஐடி, சோதனைத் தாள், வெடிக்காத தோட்டாக்களின் குழிகளைக் கிட்டத்தில் எடுத்த படங்கள். ரிவால்வர் காலியாக, பெட்டியிலோ உறையிலோ, வெளியே தெரியாமல், உங்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். வழியில் காரின் டிக்கியில் விட்டுவிட்டுக் காய்கறி வாங்கப் போகாதீர்கள்.

ரசீதில் சீரியல் எண், தேதி, கன்ஸ்மித்தின் லைசென்ஸ் எண், என்ன வேலை என்பது இருக்க வேண்டும். செலவை மூன்றாகப் பிரித்து எழுத்தில் கேளுங்கள்: பார்த்துச் சொல்வதற்கு, பாகத்துக்கு, கூலிக்கு. கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பிக் கேளுங்கள், தேய்மானத்தைக் கண்ணால் பார்க்கலாம். “எல்லாவற்றையும் மாற்றிவிடலாம்” என்பவரிடம் உங்கள் தாளைக் காட்டி, எந்த அளவு எல்லை மீறுகிறது என்று கேளுங்கள். நல்ல கைவேலைக்காரர் அந்தக் கேள்வியை விரும்புவார்.

போட்டிக்கு ஒரு வாரம் முன்பு கொடுக்காதீர்கள். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முதல் வாரங்கள் வரை இந்த நாட்டில் பட்டறைகள் மூடிக்கிடக்கும். பழைய மாடலுக்குப் பாகம் வரவழைக்க வேண்டும் என்றால் அதற்குத் தனியாக வாரக்கணக்கு. செப்டம்பருக்குள் கொடுத்துவிட்டால் அவசரம் இருக்காது.

வேலை முடிந்து வந்ததும் சுத்தம் செய்து, ஃபீலர் கேஜால் அளந்து, அதே கம்பெனித் தோட்டா 48-ஐ அதே முறையில் சுட்டு, பழைய தாளின் பின்பக்கத்தில் குறியுங்கள். 48-இல் ஒன்று நின்றாலும் அந்தத் தோட்டாவை எடுத்துவைத்து, அறை எண்ணோடு அவரிடமே திரும்பக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.